நூறு இன்ச் திரையில் ஸ்கோப் படம் எவ்வளவு பெரிது?

புது ப்ரொஜெக்டரைப் பொருத்தி, நூறு இன்ச் திரை கட்டி, அலமாரியில் இருந்து பழைய டிவிடி ஒன்றை எடுத்துப் போட்டால், சில சமயம் படம் திரையின் நடுவில் ஒரு சிறு துண்டாக நிற்கும். மேலும் கீழும் கறுப்பு, இடமும் வலமும் கறுப்பு. நூறு இன்ச்சுக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று வயிறு எரியும். அடுத்த வட்டைப் போட்டால் பக்கவாட்டுக் கறுப்பு இருக்காது, மேலும் கீழும் மட்டும் இருக்கும். அதற்கடுத்ததில் கறுப்பே இருக்காது, ஆனால் எல்லோரும் குள்ளமாகக் குண்டாகத் தெரிவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் மூன்று இடங்களில் இருக்கிறது: படத்தை எடுத்த வடிவம், அதை வட்டில் ஏற்றிய விதம், பிளேயரிலும் ப்ரொஜெக்டரிலும் உள்ள செட்டிங். முதலாவதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. இரண்டாவதை வட்டு வாங்கும்போதே பார்த்து வாங்கலாம். மூன்றாவதை ரிமோட்டால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் தவறு இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

படத்தின் வடிவம்

படத்தின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதுதான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. பழைய டிவி 4:3, அதாவது 1.33. கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் 1.37. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீட்டு டிவி வந்து தியேட்டர் கூட்டம் குறைந்தபோது, அதற்குப் பதிலடியாக ஹாலிவுட் 1953-ல் சினிமாஸ்கோப் என்ற அகலமான பட வடிவத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக ஸ்கோப் என்பார்கள். லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதியும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை இரண்டு மடங்கு விரித்துக் காட்டும். முதலில் 2.55 ஆக இருந்த வடிவம் பிறகு 2.35 ஆயிற்று. 1970-களில் 2.39 ஆனது. பழக்கத்தில் இன்னும் எல்லோரும் 2.35 என்றே சொல்கிறார்கள். வட்டின் அட்டையில் 2.35, 2.39, 2.40 என்று எது போட்டிருந்தாலும் வீட்டுத் திரையில் வித்தியாசம் ஓர் இன்ச்சுக்குள்தான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ராஜராஜ சோழன். இன்று நம் படங்களில் பெரும்பாலானவை இந்த ஸ்கோப் வடிவில்தான் வருகின்றன. ஹாலிவுட்டில் 1.85-ம் அதே அளவுக்குப் புழக்கத்தில் இருக்கிறது.

உங்கள் டிவியும் பெரும்பாலான ப்ரொஜெக்டர்களும் 16:9, அதாவது 1.78. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் கறுப்புப் பட்டையின் மீதுள்ள கோபம் பாதி குறைந்துவிடும். 1980-களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து, மையம் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். அவை எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள்சட்டமும் ஏறக்குறைய 1.77 என்ற ஒரே விகிதத்தில் இருந்தன. ஒரு முனையில் 1.33, மறுமுனையில் 2.35. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் அதே எண்தான் வரும். ஆக 16:9 பிறந்ததே ஒரு சமரசமாகத்தான். பழைய படத்துக்குப் பக்கங்களில் கொஞ்சம் கறுப்பு, ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த வடிவம் அது.

வட்டில் எத்தனை வரி

டிவிடியில் ஒரு ஃப்ரேம் என்பது நிலையான கட்டம். என்டிஎஸ்சி, பிஏஎல் என்று இரண்டு டிவி முறைகள் உண்டு. என்டிஎஸ்சி வட்டு என்றால் 720×480 பிக்சல், அதாவது வரிக்கு 720 புள்ளி வீதம் 480 வரிகள். பிஏஎல் வட்டு என்றால் 720×576. நம் நாட்டுப் பழைய டிவி பிஏஎல் முறை என்றாலும் தமிழ்ப் பட டிவிடிகளில் பல என்டிஎஸ்சியில்தான் வந்தன. அதனால் கீழே என்டிஎஸ்சி கணக்கையே சொல்கிறோம். படம் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் கட்டம் மாறாது. அந்த 720 புள்ளிகளை எவ்வளவு அகலத்துக்கு விரிக்க வேண்டும் என்று வட்டில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும்.

ஸ்கோப் படத்தை இந்தக் கட்டத்துக்குள் வைக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கட்டத்தை 4:3 என்று வைத்துக்கொண்டு, நடுவில் படமும் மேலும் கீழும் கறுப்பும் பதிவது. இதற்குப் பெயர் லெட்டர்பாக்ஸ். அப்போது 480 வரிகளில் 272 மட்டுமே படம். மிச்சம் 208 வரியும் கறுப்பைச் சேமிக்கவே செலவாகிறது. இரண்டாவது வழி, கட்டத்தை 16:9 என்று வைத்து, படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவது. வட்டில் எல்லோரும் ஒல்லியாக, உயரமாக இருப்பார்கள். திரைக்கு வரும்போது அகலம் விரிந்து சரியாகிவிடும். இதில் 363 வரிகள் படத்துக்குக் கிடைக்கும். ஒரே படம், ஒரே டிவிடி, ஆனால் மூன்றில் ஒரு பங்கு விவரம் கூடுதல். இதைத்தான் அனமார்ஃபிக் வைட்ஸ்கிரீன் என்றும், என்ஹான்ஸ்டு ஃபார் 16:9 என்றும் அட்டையில் போடுவார்கள். வெறும் லெட்டர்பாக்ஸ் என்றோ, 2.35 என்ற எண்ணை மட்டுமோ போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபுல் ஸ்கிரீன் என்றிருந்தால் அந்த வட்டையே வாங்காதீர்கள். பெரும்பாலும் அது ஸ்கோப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டி 4:3-க்குள் திணித்தது. அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு நுனிதான் மிஞ்சும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அனமார்ஃபிக் என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு வழங்குகிறது. படப்பிடிப்பில் அது இரண்டு மடங்கு நெருக்கும் லென்ஸ். டிவிடியில் அது 1.33 மடங்கு நெருக்கிச் சேமிக்கும் முறை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. சாதாரண லென்ஸில் எடுத்து 1.85-ல் வெளியான படத்தின் டிவிடியும் அனமார்ஃபிக்காக இருக்கலாம். அனமார்ஃபிக் லென்ஸில் எடுத்த படம் லெட்டர்பாக்ஸ் வட்டாகவும் வரலாம்.

ப்ளூரேயில் இந்தத் தொல்லை இல்லை. கட்டம் 1920×1080, அதுவே 16:9, பிக்சல்கள் சதுரம். 2.40 படம் 800 வரிகளை எடுத்துக்கொள்ளும். மேலே 140, கீழே 140 வரிகள் கறுப்பு. 4:3 படம் நடுவில் 1440 புள்ளி அகலத்தில் நிற்கும். 4கே ப்ளூரேயில் எல்லாம் இரண்டு மடங்கு: 3840×2160 கட்டத்தில் 2.40 படத்துக்கு 1600 வரிகள். இங்கே கறுப்பும் படத்தோடு சேர்த்தே பதிவாகியிருப்பதால், படத்தின் ஓரங்களை வெட்டாமல் அதை நீக்க எந்தப் பிளேயரிலும் பொத்தான் கிடையாது.

விசிடியைப் பற்றி ஒரு வரி போதும். பிஏஎல் விசிடியின் கட்டம் 352×288. அதில் லெட்டர்பாக்ஸாக வைத்த ஸ்கோப் படத்துக்கு 163 வரிகள்தான் கிடைக்கும். வேறு வடிவில் கிடைக்காத படம் என்றால் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் ஐம்பது அறுபது இன்ச்சுக்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

பிளேயர், ப்ரொஜெக்டர் செட்டிங்

டிவிடி பிளேயரின் மெனுவில் டிவி ஆஸ்பெக்ட் அல்லது டிவி டைப் என்று ஒன்று இருக்கும். அதில் 4:3 லெட்டர்பாக்ஸ், 4:3 பேன் ஸ்கேன், 16:9 வைட் என்று மூன்று வகை. 16:9 ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர் 16:9 வைட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பிளேயர்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்து 4:3 லெட்டர்பாக்ஸில் வரும். அப்படியே விட்டால், நல்ல அனமார்ஃபிக் வட்டைப் போட்டாலும் பிளேயரே ஒவ்வொரு நான்கு வரியையும் மூன்றாகச் சுருக்கி, 363 வரியை 272 ஆக்கி அனுப்பும். ப்ரொஜெக்டர் அதை 4:3 படம் என்று நினைத்து நடுவில் காட்டும். நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்த துண்டுப் படத்துக்கு முதல் காரணம் இதுதான். பிளேயரை 16:9-க்கு மாற்றிய பிறகும் துண்டாகவே நின்றால் அந்த வட்டு உண்மையிலேயே லெட்டர்பாக்ஸ் வட்டு. அப்போது ப்ரொஜெக்டரின் ஆஸ்பெக்ட் மெனுவில் ஜூம் அல்லது லெட்டர்பாக்ஸ் என்பதை அழுத்துங்கள். படம் இரு பக்கமும் 1.33 மடங்கு பெரிதாகித் திரையின் அகலத்தை நிறைக்கும். வட்டில் உள்ள கறுப்பில் ஒரு பகுதி வெளியே போய்விடும். விவரம் கூடாது, அளவு கூடும். வசனம் கீழ்ப்பட்டையில் அச்சாகியிருந்தால் இரண்டாவது வரி வெட்டுப்படலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தால் 16:9 வட்டு 4:3 வடிவத்தில் காட்டப்படுகிறது. ப்ரொஜெக்டரை 16:9 அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் 4:3 வட்டு 16:9-க்கு இழுபடுகிறது. ப்ரொஜெக்டரை 4:3-க்கு மாற்றுங்கள். இழுத்து நிறைத்த படம் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பழகும்தான், ஆனால் ஒளிப்பதிவாளர் வைத்த முகம் அது இல்லை.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அளவு நாடா எடுத்து வாருங்கள். கேமராவை நேராகப் பார்க்கும் நெருக்கக் காட்சி ஒன்றில் படத்தை நிறுத்துங்கள். நாயகியின் நெற்றியில் வட்டப் பொட்டு இருந்தால் நல்லது. நேர் பக்கவாட்டில் தெரியும் வண்டிச் சக்கரமோ சுவர்க் கடிகாரமோ இன்னும் நல்லது. திரையில் அதன் உயரத்தை அளங்கள், பிறகு அகலத்தை அளங்கள். 30 செ.மீ. உயரமுள்ள சக்கரம் 40 செ.மீ. அகலம் காட்டினால் சரியாக 1.33 மடங்கு இழுபட்டிருக்கிறது, மேலே சொன்ன தவறுதான். ஓரிரு செ.மீ. வித்தியாசம் என்றால் ப்ரொஜெக்டர் சாய்வாக இருக்கிறது. வட்டம் திரையின் நடுவில் இருக்க வேண்டும். அனமார்ஃபிக் லென்ஸில் எடுத்த படங்களில் ஓரத்து வட்டங்கள் லென்ஸாலேயே கொஞ்சம் கோணியிருக்கும்.

ஓவர்ஸ்கேன் என்ற செட்டிங் ஆனில் இருந்தால் படத்தின் நாலு ஓரமும் சிறிது வெட்டுப்படும். எச்டிஎம்ஐ இணைப்பில் அதற்குத் தேவையே இல்லை, அணைத்துவிடுங்கள்.

திரை: மூலைவிட்டத்தை மறந்து அகலத்தைப் பிடியுங்கள்

கடையில் இன்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. வடிவம் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமும் மாறிவிடும். 100 இன்ச் 16:9 திரை 87.2 இன்ச் அகலம், 49 இன்ச் உயரம். 100 இன்ச் 4:3 திரை 80 இன்ச் அகலம், 60 இன்ச் உயரம். 100 இன்ச் ஸ்கோப் திரை 92 அகலம், 39 உயரம். மூன்றுமே நூறு இன்ச்தான். 16:9 திரைக்கு மூலைவிட்டத்தை 0.872-ஆல் பெருக்கினால் அகலம், 0.49-ஆல் பெருக்கினால் உயரம் வந்துவிடும்.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். 100 இன்ச் 16:9 திரையில் 2.35 படம் முழு அகலமும் எடுத்துக்கொள்ளும், 87.2 இன்ச். உயரம் 37.1 இன்ச். மூலைவிட்டம் 94.8. 4:3 படம் முழு உயரமும் எடுத்து 65.4 இன்ச் அகலத்தில் நிற்கும், மூலைவிட்டம் 81.7. செட்டிங் தவறிய துண்டுப் படமோ 65.4-க்கு 27.8 இன்ச். சரியாக அமைத்த ஸ்கோப் படத்தின் பரப்பில் 56 சதவீதம்தான். ரிமோட்டில் ஒரு பொத்தான் தரும் வித்தியாசம் இவ்வளவு.

நம் ஊர்க் கடைகளில் திரை அடிக்கணக்கிலும் விற்கும். ஆறுக்கு நாலு, எட்டுக்கு ஆறு என்பார்கள். எட்டுக்கு ஆறு என்பது 96×72 இன்ச், அதாவது 4:3. அலுவலகக் கூட்டங்களுக்கு ஏற்ற வடிவம். மூலைவிட்டம் 120 இன்ச் என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் அதில் 16:9 படம் 96×54 இன்ச்சில் நிற்கும், அதாவது 110 இன்ச். மிச்சம் 18 இன்ச் வெள்ளைத் துணி வெறுமனே தொங்கும். சினிமாவுக்கென்று வாங்கினால் 16:9 என்று கேட்டு வாங்குங்கள்.

கறுப்புப் பட்டை உறுத்துவதற்கு உண்மையான காரணம் அது முழுக் கறுப்பாக இல்லாததே. ப்ரொஜெக்டர் கறுப்பைக் காட்டும்போதும் கொஞ்சம் ஒளி கசியும், பட்டை சாம்பல் நிறத்தில் தெரியும். இதற்கு மலிவான வைத்தியம் உண்டு. 100 இன்ச் திரையில் ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் ஆளுக்கு 6 இன்ச் கறுப்பு வரும். 88 இன்ச் நீளம், 6 இன்ச் அகலத்தில் இரண்டு தெர்மாகோல் பட்டைகள் வெட்டி, மேலே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, வெல்க்ரோவால் திரைச் சட்டத்தில் பதியுங்கள். சாட்டின் துணி வேண்டாம், பளபளக்கும். வெல்வெட் ஒளியை விழுங்கிவிடும். படத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். அடுத்த முறை 1.85 படம் பார்க்கும்போது கழற்றிக்கொள்ளலாம்.

அறை எவ்வளவு இடம் தரும்

ப்ரொஜெக்டரின் விவரத் தாளில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். லென்ஸிலிருந்து திரை வரையுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது அது. இங்கேயும் அகலம்தான், மூலைவிட்டம் இல்லை. 1.5 என்றால் 87.2 இன்ச் அகலத்துக்கு 131 இன்ச் தூரம், கிட்டத்தட்ட 11 அடி வேண்டும். 12 அடி அறையில் இது அமையாது. ப்ரொஜெக்டரின் உடல் ஓர் அடி, பின்னால் கேபிள் வளையவும் காற்றுப் போகவும் அரை அடி. மிச்சம் பத்தரை அடி, 126 இன்ச். 1.5-ஆல் வகுத்தால் 84 இன்ச் அகலம், அதாவது 96 இன்ச் படம். 1.2 லென்ஸ் என்றால் அதே அறையில் 105 இன்ச் அகலம், 120 இன்ச் படம் விழும். ப்ரொஜெக்டர் வாங்கிவிட்டு அறையை அளப்பவர்களே அதிகம். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தூரம் போதவில்லை என்று ப்ரொஜெக்டரை ஓரமாகவோ சாய்த்தோ வைத்து, கீஸ்டோன் பொத்தானால் படத்தை நேராக்குவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பொத்தான் படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. பிக்சல்கள் வீணாகும், மெல்லிய எழுத்துகள் மங்கும். லென்ஸ் திரையின் நடுக்கோட்டுக்கு நேராகவும், கையேட்டில் சொன்ன உயரத்திலும் இருந்தால் கீஸ்டோனைச் சுழியத்திலேயே விடலாம்.

பெட்டியில் 1080பி சப்போர்ட் என்று எழுதியிருந்தால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது ப்ரொஜெக்டரில் உண்மையாகவே உள்ள பிக்சல் எண்ணிக்கை, எவ்வளவு என்று கேளுங்கள். 800×600 ப்ரொஜெக்டரில் ப்ளூரே ஸ்கோப் படத்தின் 817 வரியும் 340 வரியாகச் சுருங்கும். 1280×800 என்பது 16:10 வடிவம், 16:9 படத்துக்கே மேலும் கீழும் 40 வரி சும்மா கிடக்கும்.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. ப்ரொஜெக்டர் தரும் ஒளியை லுமென் என்ற அலகில் அளப்பார்கள். தியேட்டர் அளவுகோல் சதுர அடிக்கு 16 லுமென். 100 இன்ச் 16:9 படம் ஏறக்குறைய 30 சதுர அடி. எனவே இருட்டறையில், சாதாரண வெள்ளைத் திரையில், 475 லுமென் உண்மையாகவே திரைக்கு வந்து சேர வேண்டும். 120 இன்ச் என்றால் பரப்பு 1.44 மடங்கு, 685 லுமென். உண்மையாகவே என்று அழுத்திச் சொல்லக் காரணம், சினிமா மோடில் வரும் ஒளி பெட்டியில் போட்ட எண்ணைவிட நன்றாகவே குறையும். நிர்ணயித்த முறைப்படி அளந்தது என்பதைக் காட்டும் ஆன்சி என்ற சொல் இல்லாமல் வெறும் லுமென் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

உட்காரும் இடத்துக்கு அகலத்தை 1.37-ஆல் பெருக்குங்கள், பார்வையை 40 டிகிரி நிறைக்கும் தூரம் வரும். 1.87-ஆல் பெருக்கினால் 30 டிகிரி. 100 இன்ச் படத்துக்கு முறையே 10 அடியும் பதின்மூன்றரை அடியும். ப்ளூரே பார்க்க இதில் கிட்டத் தூரத்திலேயே உட்காரலாம். டிவிடி பார்க்கத் தள்ளி உட்காருவதே நல்லது.

ஸ்கோப் திரையே வாங்கலாமா

பார்ப்பதில் முக்கால்வாசி ஸ்கோப் படம் என்றால் 2.35 திரை வாங்கும் ஆசை வரும். அதே 49 இன்ச் உயரத்தில் ஸ்கோப் திரை 115 இன்ச் அகலம். 16:9 படத்தை நடுவில் காட்டி, ஸ்கோப் வரும்போது லென்ஸ் ஜூமால் 1.32 மடங்கு பெரிதாக்க வேண்டும். கறுப்புப் பட்டைகள் திரைக்கு வெளியே, மேலும் கீழுமுள்ள சுவரில் விழும். அந்த ஒளியைச் சுவர் காட்டாமலிருக்க அதற்குக் கருமையான வண்ணம் அடித்திருக்க வேண்டும். லென்ஸில் 1.32-க்கு மேல் ஜூம் இருக்க வேண்டும், பல மலிவு ப்ரொஜெக்டர்களில் 1.1 அல்லது 1.2தான். படத்தின் பரப்பு 1.75 மடங்கு கூடுவதால் வெளிச்சம் 57 சதவீதமாகக் குறையும். பட்டையில் வரும் சப்டைட்டில் சுவரில் போய் விழும். த டார்க் நைட் ப்ளூரேயைப் போல ஐமாக்ஸ் காட்சிகளில் 2.40-லிருந்து 1.78-க்கு மாறும் வட்டுகளில் படமே திரையைத் தாண்டும். இருட்டறை, நல்ல ஜூம், போதுமான லுமென் மூன்றும் இருப்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. மற்றவர்களுக்கு 16:9 திரையும் இரண்டு வெல்வெட் பட்டையுமே சரி.

எந்தத் திரையானாலும் ஆணி அடிக்கும் முன் ஒரு வாரம் வெள்ளைச் சுவரிலேயே படம் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கோப் ப்ளூரே, ஒரு பழைய 4:3 படம், ஒரு டிவிடி என்று மூன்றையும் ஓட்டி, ஒவ்வொன்றின் நாலு மூலையையும் சுவரில் பென்சிலால் குறித்து, பக்கத்தில் அகலத்தை எழுதி வையுங்கள். திரைக்கடைக்குப் போகும்போது அந்த அகலத்தைச் சொல்லிக் கேளுங்கள்.